பாரு அக்காவின் இரண்டாவது படம்

1984 பிப்ரவரி 9, வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. தோப்பும்படியில் நான் வேலை பார்க்கும் வொர்க்‌ஷாப்பில், ஒரு மீன்பிடிப் படகின் எக்கோ சவுண்டரைப் பிரித்து மேசைமேல் பரப்பியிருந்தேன். கடலாழம் காட்டும் கருவி அது. கழற்றிய திருகாணிகள் பதினேழு. ஃபோன் அடித்தது. பாரு அக்காவின் மகள் மீனா பேசினாள்.

"அண்ணா, அம்மா போயிட்டா. ஆஸ்பத்திரியில வச்சு. நீங்க வாங்க."

"சரி, வர்றேன்" என்று வைத்துவிட்டேன். பதினேழையும் பூட்டி முடித்த பிறகுதான் கிளம்பினேன். கல்நெஞ்சுக்காரன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பாதியில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தப் படகு அன்று கடலுக்குப் போயிருக்காது. வேலையைப் பாதியில் விட்டு வந்து நிற்கிறவனைப் பாரு அக்காவுக்கும் பிடிக்காது.

பார்வதி என்று முழுப்பெயர் சொன்னால் மட்டாஞ்சேரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மலையாளிகளுக்குப் பாருச்சேச்சி, நம் ஆட்களுக்குப் பாரு அக்கா. கணவர் வைத்துவிட்டுப் போன ஸ்டூடியோவை இழுத்து மூடாமல், தானே காமிராவைக் கையில் எடுத்தவர். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது அவர் எடுத்த முகம்தான். ஆண்கள் நுழையக் கூடாத கல்யாண அறைகளுக்குள் போய்ப் படமெடுக்க இந்த ஊரில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கே போனார் என்பது மட்டும் உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆலுவாவுக்கும் அப்பால், மரம் அடர்ந்த ஒரு காவில், மண்ணில் மண்டியிட்டுச் சிலந்திகளையும் பூச்சிகளையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு வருடம் நான் அவருக்கு ஃபிளாஷ் பிடித்தேன்.

வருகிற ஞாயிறு மாலை அவருக்காக நம் தெரு மண்டபத்தில் கூடுகிறோம். மேடைச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றை மாட்டுவது என்று பேச்சு. எந்தப் படம் என்பதில் எனக்கும் மீனாவுக்கும் சண்டை வந்தது. ஒன்றே ஒன்று போதும், அம்மா எடுத்ததிலேயே நல்லது எதுவோ அது, என்றாள். இரண்டு மாட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம், என்றேன். அந்த இரண்டாவது படம் பார்க்கச் சகிக்காது. இழவு கேட்க வந்த இடத்தில் இதென்ன என்று நீங்கள் முகம் சுளிக்கக்கூடும். அதனால்தான் இதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவரை முதலில் பார்த்தது எழுபத்தாறில். ஸ்டூடியோ ஃபிளாஷ் எரியவில்லை என்று ஆள் விட்டிருந்தார். எனக்கு அப்போதுதான் டிப்ளமா முடிந்திருந்தது. எனக்குத் தெரியாத சர்க்யூட் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது குப்பை. தூக்கிப் போடுங்க" என்றேன்.

"குப்பைன்னு எனக்கே தெரியும். அதைச் சொல்லவா நீ படிச்சிட்டு வந்தே? எரிய வை."

வெளியே வளைகுடாவுக்குப் போகிற பையன்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி வரிசையில் நின்றிருந்தார்கள். எரிய வைத்தேன். கைதுடைக்கும்போது சுவரைப் பார்த்தேன். மணப்பெண்களுக்கு நடுவில், அதே அளவு சட்டத்தில், ஒரு சிலந்தியின் முகம். எட்டுக் கண்ணும் தெரிந்தது.

"இது யாரு?"

"அதுவும் கஸ்டமர்தான். பணம் மட்டும் குடுக்காது."

எதற்காக இதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "கல்யாணப் பொண்ணு என்னைப் பாத்ததும் கழுத்தை நீட்டும். பாஸ்போர்ட்டுக்கு வர்றவன் மூச்சைப் பிடிச்சுக்குவான். இதுங்க என்னை ஒரு ஆளாவே மதிக்கறதில்லை. எனக்கு அது நல்லா இருக்கு."

அடுத்த ஞாயிறு நானும் போனேன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் முதல் போட்டைப் பிடித்து எர்ணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் ஆலுவா, இன்னொரு பஸ், பிறகு வரப்பு நடை. காவு என்றால் நம் ஊரில் தெரியும். கோடாலி படாத மரக்கூட்டம், நடுவில் நாகர் கல், அந்தி விளக்கு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாசு சேட்டன். அவருக்கு இரண்டே நிபந்தனை. செருப்போடு உள்ளே வரக் கூடாது. உள்ளேயிருந்து ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது.

எனக்கு இது முட்டாள்தனமாகப் பட்டது. சிலந்தி உட்கார்ந்திருக்கும் கொம்பை வெட்டி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால், காற்று கிடையாது, கொசு கிடையாது, இருக்கிற வெளிச்சம் எல்லாம் நம் கையில். சொன்னேன். பாரு அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார். "உன்னைக் கட்டிலோட தூக்கிட்டு வந்து என் ஸ்டூடியோவுல வச்சு, இதான் சேகர் வீடுன்னு போர்டு மாட்டட்டுமா?"

அவ்வளவு கிட்டத்தில் எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லவேண்டும். லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் குழாய் போட்டால் பூச்சி பெரிதாகத் தெரியும். கடையில் அந்தக் குழாய் கிடைக்கவில்லை. படகு இன்ஜினுக்குப் புஷ் கடைகிற லேத்தில் அலுமினியத்தில் நானே கடைந்து கொடுத்தேன். குழாய் நீளநீள வெளிச்சம் குறையும். கண்ணைக் கூராக்கினால் கால் மங்கும், காலைப் பார்த்தால் கண் போய்விடும். நாம் மூச்சு விட்டாலே படம் கலங்கும். அதனால் அவர் இடம் பிடித்து உட்கார்ந்ததும், மூச்சை மெல்ல வெளியே விட்டு, உள்ளே இழுப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறு நேரத்தில் பட்டனை அழுத்துவார். நான் ஃபிளாஷை வெண்ணெய்த்தாளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு அவர் தோளையே பார்த்திருப்பேன். தோள் தாழ்ந்து நின்றால் படம் வரப்போகிறது. இதற்கு நடுவில் சிலந்தியோடு பேச்சு வேறு. "மோளே, தாடையை லேசா தூக்கு. சிரிக்காதே. பாஸ்போர்ட்டுக்குச் சிரிப்பு ஆகாது."

இலை மறைத்தால் என்ன செய்வது? அதற்குத்தான் நூல். ஸ்டூடியோவில் ஃபோட்டோ கவர்களைக் கட்டுகிற சிவப்பு நூலில் ஒரு துண்டு எடுத்து, மறைக்கிற இலையை வளைத்துப் பக்கத்துக் கொம்போடு கட்டுவார். படம் எடுத்ததும் அவிழ்த்து இலையைப் பழையபடி விட்டுவிட வேண்டும். இலை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. யாருக்கோ அது கூரை. கட்டியவர்தான் அவிழ்க்கவேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். நான் அவிழ்க்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். "ரெண்டு பேர் பொறுப்புன்னா யாருக்கும் பொறுப்பு இல்லை."

எண்பத்தொன்றில், துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை ஓயும் சமயம், ஒரு பச்சைச் சிலந்தியைக் கண்டோம். காலெல்லாம் கறுப்பு முள். இலையடியில் முட்டைப்பையைக் கட்டி அதைத் தழுவிக்கொண்டு தலைகீழாக நின்றிருந்தது. மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தோம். அது பையை விட்டு நகரவே இல்லை. இரை தேடிப் போனதாகவும் தெரியவில்லை; வயிறு சுருங்கிக்கொண்டே வந்தது. நான்காம் ஞாயிறு பையின் உள்ளே புள்ளி புள்ளியாக அசைவு. வெளியே வர இருந்த குஞ்சுகள். மேலே கவிந்திருந்த இலையை அக்கா நூலால் இழுத்துக் கட்டினார். பின்னால் ஒரு ஃபிளாஷ், பக்கத்தில் ஒன்று. தோள் தாழ்ந்து நின்றது. எடுத்தார். அதுதான் முதல் படம். பை விளக்குபோல ஒளிர, அதைச் சுற்றி எட்டுக் கால், எட்டுக் கண்.

எடுத்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. "சேச்சி, மதி, போதும்! விளக்கு வைக்கணும், வெளியே எறங்ஙு" என்று வாசு சேட்டன் வெளியிலிருந்து கத்தினார். அந்திக்குப் பிறகு காவில் ஆள் நிற்கக் கூடாது. காமிராவைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு ஓடினோம். நூல் கட்டியபடியே இருந்தது. கட்டியவர் அக்கா; மறந்தவரும் அக்கா. போனவர் என்பதற்காக இதைப் பூசி மெழுக மாட்டேன். அவரே மெழுகவில்லை.

மறுநாள் விடியும் முன் சுள்ளிக்கலில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். நெகடிவைக் கழுவிப் பார்த்தபோது மூலையில் நூல் தெரிந்திருக்கிறது, அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"நூலை அவிழ்க்கலை. வா."

"ஒரு நூலுக்காகவா அக்கா? எனக்கு ஷிஃப்ட் இருக்கு."

"நீ வர வேண்டாம். ஃபிளாஷை மட்டும் குடு."

ஃபிளாஷை யாரிடமும் தனியாகக் கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. போனேன்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது நூல் தடித்துவிட்டதுபோல் இருந்தது. கிட்டே போனால், அது நகர்ந்தது. முசுறு எறும்பு. அக்கா நூலின் மறுமுனையைக் கட்டிய கொம்பில் கொஞ்சம் மேலே அவற்றின் இலைக்கூடு இருந்திருக்கிறது; நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டு செடிக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் அதுவரை அந்தச் சிலந்தியைக் காப்பாற்றி வந்தது. அந்த இடைவெளியில் பாலம் போட்டது நாங்கள். பை கிழிந்து காலியாகத் தொங்கியது. தாயைப் பிடித்து, காலுக்கு ஒரு பக்கமாக இழுத்து நிறுத்தியிருந்தன. அது செத்திருந்தது. ஆனால் பையை விட்டு விலகாமலே செத்திருந்தது. ஒரு கால் இன்னும் பையில் மாட்டியிருந்தது. நூலின்மேல் எறும்புகள் கடுகுக்கும் சிறிய குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

நூலை அறுக்க நான் பிளேடை எடுத்தேன்.

"நில்லு. ஃபிளாஷைப் பிடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதைக்கூடப் படமெடுக்கணுமா? முதல்ல அறுங்க!"

"அறுத்துட்டு எடுத்தா, எறும்பு செஞ்சதா ஆயிடும்" என்றார். "நூலோட எடுத்தாத்தான் நான் செஞ்சது."

மண்டியிட்டார். தோள் தாழ நேரமாயிற்று. ஒரே ஒரு படம். பிறகு அவரே நூலை இரண்டு முனையிலும் அவிழ்த்தார், முசுறு கையெல்லாம் கடித்துக்கொண்டிருக்க. உதறவில்லை. இலை தன் இடத்துக்குப் போயிற்று. அதன் அடியில் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

எர்ணாகுளத்தில் ஒரு போட்டோ கண்காட்சிக்கு முதல் படத்தை அனுப்பச் சொன்னது நான். அனுப்பினார். ஆசை இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய். "பாஸ்போர்ட்காரிங்கற பேரு ஒரு நாளைக்காவது போகட்டும்டா" என்றார். முதல் பரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். கைத்தறிப் புடவை ஒன்று புதிதாக வாங்கி, கட்டிக்கொண்டு வந்தார். கூடவே செய்தித்தாளில் சுற்றிய இன்னொரு சட்டம். அங்கே போய்த்தான் பிரித்தார். இதையும் பக்கத்தில் மாட்டவேண்டும் என்றார். அடியில் ஒட்ட ஒரு வரியும் எழுதி வந்திருந்தார்: இலையைக் கட்டியதும் நான், அவிழ்க்க மறந்ததும் நான்.

கண்காட்சிச் செயலாளர் நல்ல மனிதர்தான். சிரித்துவிட்டார். "என்டெ சேச்சி, ஃபர்ஸ்ட் பிரைஸ் ஆணு. இந்த எறும்பும் சவமும் எந்தினா, எதுக்கு? பாக்கறவன் சோறு தின்ன வேண்டாமா?"

"அது பொய்ப் படமில்லை சார். ஆனா பாதிதான். இது மீதி."

"ஒரு எண்ட்ரிக்கு ஒரு படம். அதாணு ரூல்."

"எனக்கும் ஒரு ரூல் இருக்கு" என்று சொல்லி, மாட்டியிருந்த முதல் படத்தை அக்காவே கழற்றினார். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. நான் இரண்டு சட்டத்தையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஜெட்டியில் வைத்து அவரைத் திட்டினேன். பைத்தியமா, பரிசை வாங்கிக்கொண்டு அப்புறம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, ஒரு பூச்சிக்காக யாராவது இப்படிச் செய்வார்களா, என்று எல்லாம். அவர் பழம்பொரி வாங்கித் தின்றுகொண்டிருந்தார். "திட்டி முடிச்சியா? இந்தா, ஒண்ணு தின்னு. ஆறிப்போவுது." புதுப் புடவையில் எண்ணெய் சொட்டியது. அதைப் பார்த்ததும்தான் அவர் கண் கலங்கிற்று.

அதன் பிறகு அவர் நூல் கொண்டுபோகவில்லை. மறைக்கிற இலையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்தார். ஒற்றைக் கையில் அந்தக் காமிரா நிற்காது. படங்கள் பல வீணாயின. இது கிறுக்குத்தனம், கிளிப் போடலாம், ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்றேன். "நூல்னா மறந்துட்டு வரலாம். கையை விட்டுட்டு வர முடியுமா?" என்றார்.

இனி மீனா விஷயம். போன வாரம் ஸ்டூடியோவில் இரண்டு படத்தையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அம்மா தோத்துப்போனதை ஊருக்கெல்லாம் காட்டணுமா அண்ணா? இன்னும் பதினாறுகூட ஆகலை."

"காட்டணும்னு நின்னது உங்கம்மாதான். நானா?"

"உங்களுக்கு எப்பவும் உங்க பேச்சுதான் சரி."

அவள் சொன்னதும் சரிதான். சாவு வீட்டில் நியாயம் பேசுவது என் வழக்கமாகிவிட்டது. அவள் அம்மா, அவளே முடிவு செய்யட்டும் என்று எழுந்தேன். கதவருகே போகும்போது கேட்டாள்.

"இதை எடுக்கும்போது அம்மாவுக்குக் கை நடுங்கிச்சா?"

"இல்லை. அவங்க எடுத்ததுலயே கூரான படம் இதுதான்."

ரீடச் செய்யும் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டாவது படத்தின்மேல் வைத்தாள். அதுவரை அவள் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை. எறும்பைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், நூல்வழியே மெல்ல நகர்த்திக்கொண்டு ஓரத்துக்குப் போனாள். அங்கே நிறுத்தினாள்.

"முடிச்சு தெரியுது."

"ம்."

"அம்மா முடிச்சு. ரெட்டையாப் போட்டு வாலை உள்ள சொருகுவா. கவர் கட்டறப்ப எனக்கும் அப்படித்தான் காட்டிக் குடுத்தா." கண்ணாடியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். "இத்தனை படம் எடுத்திருக்கா. அம்மா இருக்கற படம் இது ஒண்ணுதான்."

இரண்டு சட்டத்தையும் அருகருகே நகர்த்திவைத்து, "ரெண்டு ஆணி வேணுமில்ல?" என்றாள்.

பாரு அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியாது. படம் எடுக்க எனக்கு வராது. ஆனால் எங்கள் வேலையில் பழுது எங்கே என்று பார்க்க, சர்க்யூட்டில் ஒரு சின்ன வயரைத் தற்காலிகமாகப் போட்டுச் சோதிப்போம். பழுது தெரிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மூடிவிட்டால் கருவி அப்போதைக்கு ஓடும். நடுக்கடலில் காலை வாரும். அந்த வயரை இப்போது நான் ஒருவன்தான் போடுகிறேன், நானேதான் எடுக்கிறேன். உதவிக்கு வரும் கையைத் தட்டிவிடுகிறேன். வொர்க்‌ஷாப்பில் என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். இருக்கட்டும். அது எனக்கு அவர் கொடுத்தது.

இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிறு மூன்று மணிக்கே மண்டபத்துக்குப் போய் இரண்டு ஆணி அடிப்பேன், ஒரே மட்டத்தில்.

2. அவர் எழுதிய அந்த வரியை மீனா தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவாள். இரண்டாவது படத்தின் அடியில் ஒட்டுவேன். யாராவது கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.

3. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மழைக்கு முன் கழற்றித் துடைக்கவேண்டும்.

4. வாசு சேட்டனுக்கு இன்னும் தகவல் தெரியாது. கடிதம் போடுவதில்லை. நேரில் போய்ச் சொல்வேன்.

5. துலாவர்ஷம் ஓய்ந்ததும் மீனாவும் நானும் காவுக்குப் போகிறோம். காமிரா அவளிடம், ஃபிளாஷ் என்னிடம். இலையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். உங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். செருப்பைக் கழற்ற வேண்டும், பேசக் கூடாது, நாங்கள் சொல்லும்வரை கை அசையக் கூடாது. சொன்ன பிறகு, இலையை மெதுவாக விடவேண்டும்.